வாரம் ஒரு ஆவிக்குரிய சவால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலம் கோலக்கெட்டில் டவுனிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுதியது இது. மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபையாக இருந்தாலும் பயன்படும். வீட்டுக்கூட்டங்களில் வழக்கமாக எழும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாரச் சவால் என்றால் என்ன? தினமும்தான் ஜெபிக்கிறோமே, அது போதாதா?

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம், அவ்வளவுதான். எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு என்ற மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். வாரக் கடைசியில் “செய்தேன்” அல்லது “செய்யவில்லை” என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். “இந்த வாரம் ஆண்டவரோடு இன்னும் கிட்டிச் சேருவேன்” என்பது நல்ல ஆசை. ஆனால் அதைச் செய்தோமா இல்லையா என்று சனிக்கிழமை ராத்திரி யாராலும் சொல்ல முடியாது. “திங்கள் முதல் சனி வரை, பெரட்டுக்குக் (காலை ஆள் கணக்கெடுப்புக்குக்) கிளம்புமுன், அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து, மாற்கு சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம் வாய்விட்டு வாசிப்பேன்” என்றால் அது சவால்.

தினசரி ஜெபத்துக்கு இது மாற்று இல்லை. வருஷக்கணக்காக ஜெபித்தும் அதே முன்கோபம், அதே புறணி, அதே கஞ்சத்தனம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்றைப் பிடித்து, ஒரு வாரம் அதில் மட்டும் கை வைப்பதுதான் இது. தேவபக்திக்கேதுவாக முயற்சி பண்ணும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோத்தேயு 4:7).

இப்படிச் செய்தால் கிரியையினால் இரட்சிப்பு என்று ஆகிவிடாதா?

செய்து முடித்ததைக் காட்டி ஆண்டவரிடம் கணக்குக் கேட்டால் ஆகிவிடும். எபேசியர் 2:8-9 இரட்சிப்பு கிருபை என்கிறது. அடுத்த வசனமே நற்கிரியைகளுக்காக நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்த பரிசேயன் (லூக்கா 18:12) செய்த பழக்கத்தில் பிழை இல்லை. தூரத்தில் நின்ற ஆயக்காரனோடு தன்னை ஒப்பிட்டதுதான் பிழை. உங்கள் சவால் உங்களை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட வைத்தால், அந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.

வாரத்தை எந்த நாளில் தொடங்குவது? இங்கே ஞாயிறு வேலை நாளாச்சே.

கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க ஆபீசுக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை. தோட்டங்களிலும் மில்லிலும் ஓய்வுநாள் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே, கிழமையைப் பார்க்காமல் உங்கள் ஓய்வுநாளைப் பாருங்கள். ஓய்வுநாள் சாயங்காலம் சவாலைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள், மறுநாள் தொடங்குங்கள், அடுத்த ஓய்வுநாளில் பாருங்கள். அப்போது ஆறு நாள் வேலைக்கும் ஒரு நாள் மூச்சு விடவும் கிடைக்கும். ஓய்வுநாளில் சவால் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அன்று ஆராதனை, நல்ல சாப்பாடு, தூக்கம் போதும்.

காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறேன். எனக்கு எங்கே நேரம்?

இயேசுவும் இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அதைக் காட்டி, நாலரைக்கு எழுகிறவரை நாலு மணிக்கு எழச் சொல்வது நியாயமில்லை. தூக்கத்தில் கை வைத்த சவால் பெரும்பாலும் மூன்றாம் நாளே விழுந்துவிடும். புது நேரம் தேடாமல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு சவாலைச் சேர்த்துக் கட்டுங்கள்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அருமையான இடைவெளி ஒன்று உண்டு. வெட்டி முடித்து, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) பால் சொட்டி நிற்கும்வரை காத்திருந்துதான் பால் எடுக்கப் போவோம். பசியாறியது போக அதில் இருபது நிமிஷம் நிச்சயம் மிஞ்சும். பெரும்பாலும் அது கைப்பேசிக்குப் போகிறது. அந்த இருபது நிமிஷத்தை எடுங்கள். மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக எடுக்கும் தோட்டங்களில் இந்தக் காத்திருப்பு இல்லை. அங்கே வேலை முடிந்து குளித்த உடனே என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்து வெட்டு நின்ற நாளில், “இன்று நேரம் நிறைய இருக்கிறது” என்று அளவைக் கூட்டாதீர்கள். அன்றும் அதே ஒரு அதிகாரம்தான்.

செம்பனையில் குலை வெட்டுகிறவர்கள் வேலை நேரத்தில் காதில் இயர்போன் மாட்டி வேதாகமம் கேட்கக் கூடாது. மட்டை முறிகிற சத்தமும், கூட வேலை செய்கிறவர் கத்துகிற சத்தமும் கேட்டாக வேண்டும். இருபது கிலோ குலை மேலிருந்து விழுகிற இடம் அது. கேட்க வேண்டுமானால் மோட்டாரை நிறுத்திவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். காட்டுக்குள் லைன் கிடைக்காது என்பதால் ஒலி வேதாகமத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள்.

மில்லில் ஷிப்டு மாறுகிறவர்கள் கடிகார நேரம் குறிக்கவே வேண்டாம். “வேலை முடிந்து சட்டை மாற்றிய உடனே” என்று எழுதினால் பகல் ஷிப்டுக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் பொருந்தும்.

முதல் வாரம் எதில் தொடங்குவது நல்லது?

வாசிப்பில். மாற்கு சுவிசேஷத்துக்கு 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று, முதல் வாரம் ஆறு. வாய்விட்டு நிதானமாக வாசித்தால் ஓர் அதிகாரத்துக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஆகும். 14ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனங்கள். அந்த நாள் வரும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பலரும் அங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். வாசித்து முடித்ததும் “இயேசு இதில் என்ன செய்தார்?” என்ற ஒரே கேள்விக்கு ஒரு வரி எழுதினால் போதும். பக்கம் பக்கமாகத் தியானம் எழுதத் தொடங்கினால், எழுத நேரமில்லாத நாளில் வாசிப்பும் நின்றுபோகும்.

ஆதியாகமத்திலிருந்து தொடங்கி வேதாகமம் முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கப் போகிறேன் என்பதை முதல் சவாலாக எடுக்காதீர்கள். புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் இன்னும் அதிகம். யாத்திராகமம் பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வரும்போது, வாசித்துப் பழகாதவர்கள் களைத்துவிடுவார்கள்.

வசனம் மனப்பாடம் ஆகவே மாட்டேங்குது. வயசும் ஆயிடுச்சு. என்ன செய்ய?

சங்கீதம் 23ஐ எடுங்கள். ஆறு வசனங்கள், ஆறு நாள். செய்முறை இதுதான்:

1. நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய வசனத்தைக் கையால் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது உதவாது. கை எழுதும்போதுதான் மனம் நிற்கும்.
2. இடத்தை முன்னும் பின்னும் சொல்லி ஐந்து தரம் வாய்விட்டு வாசியுங்கள். “சங்கீதம் 23, வசனம் 1” என்று தொடங்கி, அதையே சொல்லி முடிக்க வேண்டும். இதை விட்டவர்களுக்கு வசனம் நினைவிருக்கும், எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும்.
3. அடியில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எழுதி, மேலே உள்ளதை மறைத்துவிட்டு, அந்த எழுத்துகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.
4. மறுநாள் புது வசனத்துக்குப் போகுமுன் நேற்றையதைச் சொல்லுங்கள். வரவில்லையா, புதியது வேண்டாம், நேற்றையதையே இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வாரம் கழித்து ஒரு தரம், ஒரு மாதம் கழித்து ஒரு தரம் முழுச் சங்கீதத்தையும் சொல்லிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கிய வசனமெல்லாம் இன்று நினைவில் இல்லை.

பழைய திருப்புதல் மொழிபெயர்ப்பா, திருவிவிலிய மொழிபெயர்ப்பா என்பதில் சண்டை வேண்டாம். உங்கள் சபையில் வாசிக்கப்படுவதை எடுங்கள், பாதியில் மாற்றாதீர்கள். மலாய்ப் பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டி சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு வரி பாட்டி, அதே வரி பேரன். ஒரே சவாலில் இரண்டு பேர் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. உபவாச வாரம் வந்தால் நான் என்ன செய்வது?

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்லசைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் கிளினிக்கில் கேட்காமல் ஒருவேளை உணவைக்கூட விடக் கூடாது. இந்த மருந்துகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். அளவு 3.9 mmol/L-க்குக் கீழே போனால் வேர்வை, கைநடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வரும். அப்போது உபவாசத்தை அந்த நிமிஷமே முடித்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். “விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது” என்று பக்கத்தில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், டயாலிசிஸ் செய்கிறவர்களும் உணவை விட வேண்டாம். இவர்களெல்லாம் ஒரு வாரம் தொலைக்காட்சித் தொடரை விடலாம், இனிப்புத் தேத்தண்ணியை விடலாம். விடுவதற்குக் கஷ்டமாக இருக்கிற எதுவும் இதற்குப் பொருந்தும்.

உடல்நலம் உள்ளவர்களுக்கு முதல் உபவாசம் ஒரே ஒருவேளை உணவு. வெயிலில் வேலை செய்கிற நாளில் வேண்டாம், ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலமோ அரைநாள் வேலை உள்ள நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள். அந்த உணவுக்கு ஆகும் அரைமணி நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். அதற்குச் செலவாகியிருக்கும் எட்டு, பத்து வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்து, அதே வாரம் பசித்த ஒருவருக்குப் போய்ச் சேர வையுங்கள். பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58ல் ஆண்டவர் சொல்கிறார். நேரமும் காசும் வேறெங்கும் போகாமல் வெறும் வயிறு மட்டும் காய்ந்தால், அது உடம்பு குறைக்கிற வழிதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இளவயதில் புதன், வெள்ளி இரண்டு நாளும் உபவாசித்தார். ஆதிசபையின் வழக்கமும் அதே இரண்டு நாள்தான். ஆனால் தொடக்கத்திலேயே அங்கே போக வேண்டியதில்லை.

தலைவலி வந்தால் பெரும்பாலும் காப்பியை விட்டதால் இருக்கும். முந்தின நாளே காப்பியைக் குறைத்துவிடுங்கள். உபவாசம் முடிந்ததும் கறியும் சம்பலுமாக வயிறு முட்டச் சாப்பிடாமல் கஞ்சியில் தொடங்குங்கள்.

நாக்கைக் கட்டுப்படுத்தும் சவாலை எப்படி அளப்பது?

லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே இது இங்கே கடினமான சவால், பலன் கொடுக்கிற சவாலும்கூட. “புறணி பேச மாட்டேன்” என்று பொதுவாக எழுதாதீர்கள். “இங்கே இல்லாத ஒருவரைப் பற்றி, அவர் கேட்டால் வருத்தப்படும் எதையும் சொல்ல மாட்டேன்” என்று எழுதுங்கள். காலையில் இடது பையில் பத்து ரப்பர் கொட்டை போட்டுக்கொண்டு, தவறும்போதெல்லாம் ஒன்றை வலது பைக்கு மாற்றுங்கள். ராத்திரி எண்ணிக் குறியுங்கள். முதல் நாள் பத்தும் மாறிவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், அதுதான் உண்மை நிலவரம். வாரக் கடைசியில் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் சபைகளில் புறணி பெரும்பாலும் ஜெபக் குறிப்பு வேஷத்தில் வருகிறது. “அந்தத் தங்கச்சி வீட்டுக்காரர் மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாராம், ஜெபத்துல வச்சுக்குங்க அக்கா” என்பது வாட்சாப்பில் பத்து பேருக்குப் போய்விடும். சம்பந்தப்பட்டவர் “சொல்லுங்கள்” என்று அனுமதி கொடுக்காத ஜெபக் குறிப்பை வாய் திறந்து சொல்லாமல் ஆண்டவரிடம் மட்டும் சொல்வது இந்த வாரச் சவாலின் பாதி.

பேச்சுவார்த்தை இல்லாத உறவினரோடு ஒப்புரவாக ஒரு வாரம் போதுமா?

போதும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். உங்கள் பக்கத்து முதல் அடிக்கு ஒரு வாரம் போதும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்று ரோமர் 12:18 எல்லை போடுகிறது.

முதல் மூன்று நாள் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். நாலாம் நாள், நீங்கள் செய்த தப்பை மட்டும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். “மச்சான், கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.” இதில் “ஆனா” என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். “ஆனா நீங்களும்...” என்று தொடங்கிய மன்னிப்பு புதுச் சண்டையாகத்தான் முடியும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நேரில் போய்ச் சொல்லுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், மூன்றாம் ஆளைத் தூது விடாதீர்கள், கல்யாணம் கருமாதி வீட்டில் வைத்துப் பேசாதீர்கள். சொல்லிவிட்டு, தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அவர் முகம் திருப்பினாலும் உங்கள் சவால் நிறைவேறியது.

சண்டை கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்), கடன், வீட்டுப் பங்கு பற்றியது என்றால் மன்னிப்போடு எவ்வளவு, எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சகேயு வாயால் மட்டும் வருத்தப்படவில்லை, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8).

அடித்தவரிடமும், பாலியல் தொல்லை கொடுத்தவரிடமும் இந்தச் சவாலை வைத்துக்கொண்டு போகக் கூடாது. அப்படி ஒருவரை யாரும் “மன்னித்துப் போய்ச் சேர்ந்து வாழு” என்று தள்ளவும் கூடாது. தாலியான் காசிஹ் (Talian Kasih) 15999 என்ற அரசாங்க உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. பாதுகாப்புதான் முதல் வேலை.

வீட்டில் மற்ற எல்லாரும் இந்துக்கள். சவால் எடுத்தால் சண்டை வருகிறது.

பெரும்பாலும் சண்டை ஜெபத்தால் வருவதில்லை, ஜெபிக்கும்போது விட்ட வேலையால் வருகிறது. மாமியார் பாத்திரம் கழுவும்போது மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு வேதம் வாசித்தால் எந்த வீட்டிலும் பேச்சு வரும். முதல் சவாலாக வீட்டு வேலையையே எடுங்கள். ஆறு நாள், ஒருவரும் கேட்காமல், வேறொருவர் செய்யும் ஒரு வேலையைச் செய்து முடிப்பது. வாசிப்பு அடுத்த வாரம் வரட்டும்.

படைத்த சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை உங்கள் போதகரோடு உட்கார்ந்து வாசித்து முடிவெடுங்கள். முடிவு எதுவானாலும், தட்டைத் தள்ளும் விதத்தில் ஒருவரும் அவமானப்படக் கூடாது.

அயலாரை நேசிக்கும் வாரத்தில் மலாய் அண்டை வீட்டாருக்கும் செய்யலாமா?

தாராளமாக. வெள்ளம் வந்தால் சாமான் தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்கு மோட்டாரில் ஏற்றிப்போங்கள். கைப்பிரதி, பிரசங்கம் வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு அதிகாரம் தருகிறது, கெடாவிலும் அதற்குச் சட்டம் உண்டு. நல்ல சமாரியன் அடிபட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், சத்திரத்துக்குப் பணம் கட்டினான். அந்த அளவு போதும்.

தனியாகச் செய்வதா, குழுவாகச் செய்வதா?

ஒரே ஒரு துணை வையுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாரம் பத்து நிமிஷம், மூன்று கேள்விகள்: செய்தீர்களா? எங்கே தடுக்கியது? அடுத்த வாரம் என்ன? துணை புத்தி சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

1742இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க மெதடிஸ்டுகள் பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர் வீதம் வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்களுக்கு ஜனங்களின் உண்மை நிலை தெரியவந்தது. வெஸ்லி அதையே வாராந்தர விசாரிப்பாக மாற்றினார். வாரம் தவறாமல் ஒருவர் கதவைத் தட்டியதுதான் அங்கே வேலை செய்தது.

வாட்சாப் குழுவில் தினமும் “முடித்தேன்” என்று பச்சை அடையாளம் போடும் வழக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. மத்தேயு 6ஆம் அதிகாரம் ஜெபம், தர்மம், உபவாசம் மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறது. தவிர, இரண்டு நாள் விட்டவர் குழுவில் பொய் சொல்வார் அல்லது குழுவை விட்டே போவார்.

மூன்றாம் நாளே விட்டுப்போச்சு. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட நாளை ஈடுகட்ட இரட்டிப்பாகவும் செய்யாதீர்கள். நாலாம் நாளை நாலாம் நாளாகவே செய்யுங்கள். ஏன் விட்டது என்பதை மட்டும் ஒரு சொல்லில் குறியுங்கள்: தூக்கம், கைப்பேசி, விருந்தாளி, மறதி, மனமில்லை. மறதி என்றால் வேதாகமத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீட்டுச் சாவி வைக்கும் இடத்தில் வையுங்கள். கைப்பேசி என்றால் அந்தப் பத்து நிமிஷம் அதை வேறு அறையில் விடுங்கள். மனமில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் போதகரிடமோ மூத்தவரிடமோ பேசுங்கள். அது சோம்பேறித்தனமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்குக் கிளினிக்கில் மருத்துவம் உண்டு.

ஒரே சவாலில் இரண்டு வாரம் தோற்றால் அளவைப் பாதியாக்குங்கள். ஓர் அதிகாரம் அரை அதிகாரமாகட்டும்.

வளர்ந்திருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நோட்டைப் பார்த்துத் தெரியாது. கலாத்தியர் 5:22-23இல் ஒன்பது குணங்கள் இருக்கின்றன. எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றை எழுதி, கூட வாழ்கிற ஒருவரிடம் கொடுத்து, “எதில் மாறியிருக்கிறேன், எதில் மாறவில்லை?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். மாறவில்லை என்று சொன்னதுதான் அடுத்து எடுக்கும் சவால்.

எட்டு வாரம் முடிந்தபின் என்ன செய்வது?

ஒன்பதாம் வாரம் புதிதாக எதையும் எடுக்காதீர்கள். செய்த எட்டில் எது தானாகவே தொடர்கிறதோ அந்த ஒன்றை, மிஞ்சினால் இரண்டை, நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். லெந்து காலம் வந்தால் வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை, ஞாயிறுகளை விட்டால், 40 நாள். ஒரே சவாலை அந்த 40 நாளும் நீட்டுங்கள்.